சந்துக்கெல்லாம் ஒரே கார்டு

பஞ்சு வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து, பாட்டிலை எடுத்து, அண்ணாந்து குடித்து முடித்த பிறகுதான் ஞானசீலன் கேட்டார்.

“உல்லாஸ்நகர்க் கடையில முப்பத்தெட்டாயிரத்துக்கு எவம்லே சாமான் எடுத்தது?”

பஞ்சு இட்லி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. “நான் உல்லாஸ்நகரக் கண்ணால பாத்ததில்ல அண்ணாச்சி. கதவச் சாத்துங்க, குளிர் போவுது.”

ஞானசீலன் கதவைச் சாத்தாமல் அடுத்த வீட்டுக்குப் போனார்.

தாராவியில் அந்தச் சந்தில் இருபத்திரண்டு வீடுகள். கிரெடிட் கார்டு ஒன்றே ஒன்று. மற்றவர்களுக்கு இட்லி வியாபாரம், தோல் பட்டறை, தையல். கூலி கையில் வரும். சம்பளச் சீட்டு வராது. ஞானசீலன் ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். மாதம் இருபத்தாறாயிரம், சீட்டோடு. அந்தச் சீட்டைப் பார்த்து ஒரு வங்கி அவருக்கு இரண்டு லட்சம் வரை செலவழிக்க அனுமதி கொடுத்தது. ஊழியம் செய்யத் தன்னை அழைத்ததாக அவர் எடுத்துக்கொண்டார்.

மெல்லிய வெள்ளைத் துணியில்தான் சட்டை தைத்துக்கொள்வார். பையில் பிளாஸ்டிக் உறைக்குள் கார்டு இருக்கும், பொன்னிறப் பக்கம் வெளியே தெரியும்படி. கோவிலுக்கும் அப்படியே. கழிப்பறை வரிசைக்கும் அப்படியே.

யாருக்கு எது வேண்டுமானாலும் அவர் கார்டில் தவணைக்கு எடுக்கலாம். “தவணை ஒனக்கு, பாயிண்ட் எனக்கு” என்பார். பாயிண்டில் ஒரு சூட்கேஸ் வந்தது. அவர் எங்கும் போவதில்லை. ஆனால் கார்டில் வந்த பொருள்களைப் பார்வையிடப் போவார். ஃபிரிட்ஜ்களைக் கேட்காமல் திறப்பார். நூர் நிஷாவின் வாசலைக் கடக்கும்போது அவள் தையல் மெஷின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார், ஊசிக்கடியில் துணி இருந்தாலும்.

கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துச் சந்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் அவர்தான். ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போவது தொந்தரவாம். சாமான் ஆர்டர் செய்தவர்கள் போனில் கூப்பிடுவார்கள். ஓடிபியை ஒவ்வோர் எண்ணாக, சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்வார். பேசுவது யார் என்று கேட்கமாட்டார். கேட்பது சில்லறைத்தனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் நடுவில் அழைப்பு வந்தது. எழுந்து கோவில் வாசலுக்குப் போய் ஆறு எண்களையும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆசீர்வாதம் முடிவதற்குள் முப்பத்தெட்டாயிரம் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

மனைவி ரெபேக்கா வழியிலேயே சொன்னாள். “மொதல்ல கார்ட பிளாக் பண்ணுங்க. நம்பரு பின்னாலயே இருக்கு.”

“பிளாக் பண்ணுனா ஏழு நாளைக்குக் கார்டு கெடையாதுட்டி. நம்ம சந்துல எவனுக்காவது அவசரம்னா என்ன செய்யது?”

“கோவில்ல யாருக்கு ஓடிபி சொன்னிய?”

“நம்ம பயதான் எவனோ.”

அந்த எவனைத் தேடித்தான் வீடு வீடாகப் போனார். பதினோரு வீடுகள். நூர் நிஷாவின் வீட்டுக்கு வரும்போது பின்னால் பத்துப் பேர் சேர்ந்திருந்தார்கள்.

“ஒங்க மச்சான் உல்லாஸ்நகர்லதான இருக்கான்?” என்றார்.

நூர் நிஷா மெஷினை நிறுத்தினாள். “இருக்காரு. போன்ல பச்ச எது செவப்பு எதுன்னு தெரியாத மனுசன். அவரா ஆர்டர் போட்டாரு?”

“அப்ப நீ போட்டிருப்ப.”

“ஒண்ணாந்தேதி தவறாம தவணை கொண்டாந்து வைக்கேன் அண்ணாச்சி. நாலு பேரக் கூட்டிட்டு வந்தா கேப்பிய?”

அவர் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. ஒருவன் இந்தியில் ‘ஞான்சீலன் சாப்’ என்றான். பணம் தவறாக வந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறோம், ஓடிபி சொல்லுங்கள் சாப் என்றான். ஞானசீலன் போனைப் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

“பாத்தியளா? நான் எறங்கி வெசாரிக்கவும் பயந்துட்டானுவ. திருப்பிப் போடுதானாம்.”

“திருப்பிப் போட எதுக்கு ஓடிபி?” என்றாள் நூர் நிஷா. “சொல்லாதிய அண்ணாச்சி.”

“கார்டு வச்சிருக்கவனுக்கு நீ சொல்லித் தாரியா?”

எண்களை இந்தியிலேயே உரக்கச் சொன்னார். பாஞ்ச். சாத். தோ. நூர் நிஷா எழுந்து போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு மிச்ச மூன்றையும் சொன்னார். வங்கியிலிருந்து மறுபடி செய்தி வந்தது. நாற்பத்தோராயிரம். மூன்று மாதச் சம்பளம் இரண்டு அழைப்பில் முடிந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ரெபேக்கா வந்து அவர் பையிலிருந்து கார்டை உருவினாள். பின்பக்க எண்ணுக்குக் கூப்பிட்டாள். நான்கு நிமிடத்தில் கார்டு முடக்கப்பட்டது. பிறகு இணைய மோசடிக்கான 1930க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தாள். அவர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சக்கரத்தைத் தொடவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. ஞானசீலன் விடுப்புப் போட்டு வங்கிக்குப் போனார். ஒரு படிவம் கொடுத்தார்கள். கார்டையோ ஓடிபியையோ வேறு யாருக்காவது கொடுத்தீர்களா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதினார். ஓடிபி போயிருப்பதால் பணம் திரும்பும் என்று சொல்ல முடியாது, விசாரிப்போம் என்றாள் அங்கிருந்த பெண். பன்னிரண்டரைக்கு வீடு திரும்பினார். சாயங்காலம் நூர் நிஷா பாக்கி இரண்டு தவணையையும் சேர்த்து ரெபேக்கா கையில் கொடுத்துவிட்டு, வாசலோடு போனாள். அவர் உள்ளே இருந்தார், எழுந்து வரவில்லை. ரெபேக்கா கார்டைக் கத்தரியால் இரண்டாக வெட்டி மேசையில் போட்டாள். அவர் முகம் கழுவி, புது வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டார். துண்டுகள் இரண்டையும் எடுத்துப் பழைய உறைக்குள் ஒட்டினாற்போல் வைத்து, பொன்னிறப் பக்கம் வெளியே தெரியும்படி பையில் செருகிக்கொண்டு, சந்தில் இறங்கினார்.