கோயிலுக்குப் போகாத வழக்கு

சட்டத்தின் மெய்யியல் என்று எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்த ஒரு மாடி வகுப்பறையில் படித்தோம். சட்டம் எதனால் சட்டமாகிறது, அறத்துக்கும் அதற்கும் என்ன உறவு என்று மணிக்கணக்காகப் பேசுவோம். பெரியம்மாவின் காணி வழக்கு வந்திராவிட்டால் நானும் நாலு கொள்கைகளைப் பாடமாக்கி, எழுதிப் பாஸ் பண்ணிவிட்டு மறந்திருப்பேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. வெல்லாவெளிப் பக்கத்து வயல் வட்டையில் அவளுக்குச் சீதன வயல் இருந்தது. எழுதிய உறுதிப் பத்திரம் கிடையாது. கலியாணத்தில் ஊருக்கு முன்னால் "இது மகளுக்கு" என்று தகப்பன் சொன்னதோடு சரி. எங்கள் ஆட்களுக்கு வாய்ச்சொல் போதும், எழுதக் கேட்டால் மரியாதைக் குறைவு. சண்டைக் காலத்தில் நகரத்துக்கு இடம்பெயர்ந்தபோது பெரியப்பா தன் தம்பியிடம், "நாங்க வரும்வரைக்கும் நீ செய்" என்று வயலை விட்டுவிட்டு வந்தார். அதுவும் வாய்ச்சொல்தான். பிறகு பெரியப்பா செத்துப்போனார். தம்பிக்காரரோ, அண்ணன் எனக்கே தந்தவர், இத்தனை வருசமாக நான்தானே விதைக்கிறேன் என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அந்த மனிசன்.

பெரியம்மாவுக்கு அந்த வயலை விட்டால் மகளுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை. வழக்குப் போட்டோம். சாட்சி சொல்லக்கூடியவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை, மீதிப் பேர் தம்பிக்காரரோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். பகைத்துக்கொண்டு வயல் செய்ய முடியுமா?

ஒரு வழக்குத் தவணையன்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "வழக்காளி அமிர்தகழிக் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, காணி என்னுடையது என்று சத்தியம் பண்ணட்டும். பண்ணினால் நாங்கள் விட்டுத்தருகிறோம்" என்றார். இரண்டு பக்கமும் சம்மதித்தால் அந்தச் சத்தியத்தோடு வழக்கை முடிக்க நம் நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. உண்மை எங்கள் பக்கம். இனி என்ன வேணும்?

நீதிமன்ற விறாந்தையில் பெரியம்மா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏலாது புள்ள."

"என்ன ஏலாது? உண்மையத்தானே சொல்லப் போறீங்க?"

"உண்மையெண்டாலும் சத்தியம் சத்தியம்தான், வீட்டுப் பிள்ளையில போய் விழும். வீட்டுல மகள் வயித்துப்பிள்ளைக்காரியா இருக்காள். ஏற்கெனவே கலைஞ்சு கலைஞ்சு, இப்பதான் ஒண்டு தங்கியிருக்கு. அத வச்சிக்கிட்டு நான் கற்பூரம் கொளுத்துறதா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தம்பிக்காரருக்கு இது தெரியும். வீட்டில் கர்ப்பிணி இருக்கும்போது பெரியம்மா சாமிக்கு முன்னால் வாய் திறக்கமாட்டாள் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார். இந்த வழியைச் சட்டமாக எழுதிய புண்ணியவான், பொய்யன்தான் பயப்படுவான், உண்மை சொல்பவனுக்கு என்ன பயம் என்று நினைத்திருப்பான். நான் படித்த புத்தகங்களும் அப்படித்தான் நினைத்தன. இங்கே உண்மை சொல்பவள் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், மற்றவர் அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

எங்கள் சட்டத்தரணி யோசித்துவிட்டு, "அப்ப நாங்க திருப்பிக் கேப்பம். அவர் சத்தியம் பண்ணட்டும். பொய்ச் சத்தியத்துக்குப் பயந்து பின்வாங்குவார்" என்றார்.

"அவன் பின்வாங்கமாட்டான்" என்றாள் பெரியம்மா. "காணிக்காக எதையும் பண்ணுவான். பண்ணினா ஆருக்கு அடிக்கும்? அவனுக்கா? அவன்ட பிள்ளைகளுக்குத்தானே. அதுகளும் என்னைப் பெரியம்மா எண்டுதான் கூப்பிடுதுகள்."

"உங்கட காணியத் திண்டவர்ட பிள்ளைகள்."

"பிள்ளைகள் என்ன புள்ள செஞ்சதுகள்?"

நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பைத்தியமா உங்களுக்கு என்றேன். சத்தியமும் இல்லை, சாட்சியும் இல்லை. கடைசியில் வழக்குத் தள்ளுபடியானது. நீதிபதியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் முன்னால் இருந்ததை வைத்துத்தான் அவர் தீர்ப்புச் சொன்னார். அது எனக்கு இன்னும் கசப்பாக இருந்தது. யாரையாவது திட்ட முடிந்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

பரீட்சையில் சட்டத்துக்கும் அறத்துக்கும் உள்ள உறவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். படித்ததை எழுதினேன், நல்ல புள்ளியும் கிடைத்தது. பெரியம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எந்தக் கொள்கையின் கீழ் அவளைக் கொண்டுபோய் வைப்பது?

பெரியம்மாவின் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது, சுகமாக. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த அன்று தம்பிக்காரரின் மூத்த மகள் ஒரு மூட்டை அரிசியோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். "பெரியம்மா, அப்பா தந்துவிட்டவர், வெல்லாவெளி வயல்ல விளைஞ்ச புது அரிசி" என்றாள். மூட்டையைத் தெருவில் எறியச் சொல்லி எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெரியம்மா அவளை உள்ளே கூப்பிட்டு, கை கழுவச் சொல்லி, குழந்தையை அவள் மடியில் வைத்தாள். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

அந்தப் பிள்ளை போனபிறகு சமையலறைக்குப் போனேன். பெரியம்மா மூட்டையை அவிழ்த்து, ஒரு பிடி அரிசியை அள்ளி மூக்கருகே வைத்திருந்தாள். தோள் குலுங்கியது. அவ்வளவு காலம் வழக்குக்காகக் கோட்டுக்கு நடந்தபோது ஒருநாள்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.