மாப்பிள்ளைக்குப் பால் ஆகாது

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று நகரி வட்டாரம் முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம் அது. நகரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விவசாயக் குடும்பத்துக்கு நான் மருமகளாக வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் கணவரின் தங்கைக்குப் பங்காருபாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாந்தோப்பு உள்ள குடும்பம். எங்கள் ஜனம்தான், ஆனால் பாதிப் பேச்சு தெலுங்கில் வரும்.

பெண் பார்க்க வந்த அன்று என் மாமனார் நெய்ச் சட்டியையே கேசரியில் கவிழ்க்கச் சொல்லிவிட்டார். அவருக்குத் தம் மாடுகள் மேல் அப்படி ஒரு பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதற்கு முன் மாடுகளின் பெயரைச் சொல்வார். கேசரியும் பால் பாயசமும் கொண்டுபோய் வைத்தோம். மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார், என் நாத்தனாரைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிறவர் போல அத்தனையையும் உள்ளே தள்ளினார்.

கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். திருத்தணி யாருக்கு, சித்தூர் யாருக்கு என்று ஆண்கள் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்ததில் யாரும் கவனிக்கவில்லை. நான் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால் முனகல் சத்தம். எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளை குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது உதடு இரண்டும் எண்ணெயில் போட்ட பஜ்ஜி போல உப்பியிருந்தன.

“அக்கா, உங்களுக்குப் புண்ணியமா போவட்டும், யாருகிட்டயும் சொல்லாதீங்க,” என்று கும்பிட்டார். “எனக்குப் பாலு, தயிரு, நெய்யி எதுவும் ஆவாது. சின்ன வயசுலேர்ந்தே இப்டித்தான். சொன்னா பொண்ணு குடுக்கமாட்டாங்கன்னு நைனா வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. இதுக்கு முன்ன போன எடத்துல பாயசத்தத் தொடலன்னு, மரியாதை தெரியாத பையன்னு அனுப்பிட்டாங்க.”

“அப்ப இங்க மட்டும் ஏன் துன்னீங்க?”

அவர் பார்வை எனக்குப் பின்னால் போயிற்று. திரும்பினேன். என் நாத்தனார் சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சொம்பை அவரிடம் நீட்டினாள்.

பல் வலி என்று சொல்லி, துண்டால் வாயை மூடிக்கொண்டே அவர் வண்டி ஏறினார். “தித்திப்பு தூக்கலா போச்சி, பல்லு கூசிடுச்சி,” என்று மாமனார் பூரித்துப்போனார்.

நாத்தனார் என்னிடம் வந்தாள். “அண்ணி, கட்டுனா இவரத்தான் கட்டுவேன். ஆனா நைனாவுக்குத் தெரியக் கூடாது. நம்ம மாட்டையே கொற சொன்னா மாதிரி எடுத்துக்குவாரு.”

நிச்சயம் ஆயிற்று. எங்களுக்குக் கவலை பிடித்தது. பால் இல்லாமல், நெய் இல்லாமல் கல்யாணத்துக்கு என்ன இனிப்பு செய்வது? எங்களுக்குத் தெரிந்த பலகாரத்தில் பாதி, கடைசியில் நெய்யில்தான் போய் விழும். முதலில் தேங்காய் எண்ணெய் விட்டுப் போளி தட்டினோம். என் கணவர் ஒரு வாய் கடித்துவிட்டு, “இது துன்றதுக்கா, தலையில தடவறதுக்கா?” என்று கேட்டார். அடுத்து நல்லெண்ணெயில் தட்டினோம். அது நன்றாகவே வந்தது. அதிரசத்தைக் கடலை எண்ணெயில் சுட்டோம். எள்ளுருண்டைக்குக் கவலையே இல்லை. பாயசம்தான் பாக்கி. பாசிப்பருப்பை வறுத்து வேகவைத்து, வெல்லப் பாகு விட்டு, தேங்காய்ப் பாலை ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டோம். தேங்காய்ப் பல்லை வெறும் வாணலியில் சிவக்க வறுத்துத் தூவினோம். மணம் தெருக்கோடி வரை போயிற்று.

மாஞ்செடி கொண்டுவந்து கொடுக்கிற சாக்கில் மாப்பிள்ளை ஒரு நாள் வந்தார். ஒரு கிண்ணத்தில் பாயசத்தை வைத்து, “பயப்படாதீங்க, இது தேங்காப் பாலு,” என்றேன். அவர் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது போலிருக்கிறது. “அக்கா, பாலு வத்து! பாலு வத்து!” என்று வேண்டாம் வேண்டாமென்று தெலுங்கில் அலறிக்கொண்டே, செருப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். தேங்காய் மூடியைக் கண் முன்னால் காட்டிய பிறகுதான் உள்ளே வந்தார். பிறகு கிண்ணத்தைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டுப் போனார்.

கல்யாணச் சமையல்காரரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, எல்லாப் பந்திக்கும் அதே பாயசம், அதே போளி போடவைத்தேன். மாமனார் பந்தி பந்தியாகப் போய், “நம்ம வூட்டு நெய்யி! வாசன பாத்தீங்களா?” என்று உபசரித்தார். ஜனங்களும் ஆமாம் ஆமாம் என்று மூக்கை உறிஞ்சினார்கள். நான் சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு நின்றேன்.

சாப்பாடு முடிந்து, மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கிற நேரம் வந்தது. அதற்கும் தயாராக இருந்தேன். கல்கண்டு போட்ட தேங்காய்ப் பாலில் வாழைப்பழத்தைப் பிசைந்து, வெள்ளி டம்ளரில் ஊற்றி மூடி வைத்திருந்தேன். மாமனாரின் அக்கா வந்து மூடியைத் திறந்து பார்த்தார். நேரமாகிவிட்டதால் தேங்காய்ப் பால் மேலே கட்டியாகவும் கீழே நீராகவும் பிரிந்திருந்தது. “அய்யய்யோ, பாலு திரிஞ்சிக்கீதே! அபசகுனம்!” என்று, நான் வாயைத் திறப்பதற்குள் அதைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு, இளஞ்சூடாகப் பசும்பாலை ஊற்றிப் பழத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். கூடம் நிறைய ஜனம். டம்ளர் மாப்பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது. சூடும் வாசனையும் அவருக்கே தெரிந்துவிட்டன. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவர் அப்பா மோட்டுவளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “குடிங்க மாப்ள, நம்ம மாட்டுப் பாலு!” என்றார் மாமனார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார்.

தலை குனிந்து உட்கார்ந்திருந்த என் நாத்தனார் சட்டென்று கையை நீட்டி அதைப் பிடுங்கினாள். அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள். அடியில் கிடந்த பழத்தையும் விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“இன்னாடி இது! மாப்ள குடிச்சப்பறம்தானே உனக்கு?” என்று அவள் அத்தை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார்.

“காலைலேர்ந்து பட்டினி அத்த. பசி தாங்கல,” என்றாள் அவள், புறங்கையால் வாயைத் துடைத்தபடி.

ஒரே சிரிப்பு. ‘மாப்பிள்ளை பாடு திண்டாட்டம்தான்’ என்று ஆளுக்கு ஆள் கேலி. அவளுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மாப்பிள்ளையின் அப்பா எழுந்துவிட்டார்.

“அந்தப் பொண்ணப் பாத்து சிரிக்காதீங்க. என் புள்ளைக்குப் பாலு ஆவாது, நெய்யி ஆவாது. சொன்னா சம்பந்தம் கெட்டுடும்னு நான்தான் மறச்சேன். அது தெரிஞ்சி அவனக் காப்பாத்திச்சி.”

சிரிப்பு நின்றது. எல்லோரும் என் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்தது. “நெய்யி ஆவாதா? அப்ப இன்னிக்கு பாயசமும் போளியும் துன்னாரே?”

இனி மறைக்க முடியாது. “அதுல நெய்யே இல்ல மாமா,” என்றேன். “தேங்காப் பாலு. போளிக்கு நல்லெண்ண.”

“நான் திரும்பத் திரும்ப வாங்கித் துன்னனே!” என்றார். காலையிலிருந்து எத்தனை பேரிடம் நெய் வாசனையைப் பற்றிச் சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முதலில் அவர் தொந்திதான் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “எவனாவது வெளிய சொன்னீங்க, தெரியும் சேதி! மாப்ளைக்கு வெறும் பழத்தக் குடுங்க!” என்றார்.

பிற்பாடு எல்லையும் ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று; நாங்கள் ஆந்திராவிலேயே இருந்துவிட்டோம். என் நாத்தனார் பங்காருபாளையத்தில் நன்றாக வாழ்கிறாள். என் வீட்டில் சாப்பிட உட்காருகிறவர் எதையாவது இலையோரம் ஒதுக்கினால் எனக்கு இப்போதெல்லாம் வருத்தம் வருவதில்லை. அவரால் சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்து, வேறு என்ன கொடுக்கலாம் என்று அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.