ஆறு இடதுகைப் பக்கம்

லைல் ஹெக்டால் நாற்பத்தொரு வருடம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். எங்கள் வடகிளை ஆற்றோரச் சாலையில் எந்த வளைவில் எத்தனை மணிக்கு வெயில் கண்ணில் அடிக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும். கட்டணம் வாங்குகிற முகாம்கள் அவருக்கு ஆகாது. எண் எழுதிய கம்பம், சிமென்ட் மேசை, குழாய், பக்கத்துக் கூடாரத்துப் பாட்டு எல்லாம் இருக்கும். "இதுக்கு வீட்லயே கிடக்கலாமே" என்பார். சாலையை விட்டு இறங்கி, பொதுக் காட்டில் யாரோ முன்பு தங்கிப்போன வெறும் தரை கிடைத்தால் அவருக்குப் போதும். ஆற்றில் தண்ணீர் மொண்டு கொதிக்கவைப்பார். கரையிலிருந்து இருநூறு அடி தள்ளிக் கக்கூஸுக்குக் குழி வெட்டுவார். கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டுப் பையைக் கிளையில் கட்டித் தொங்கவிடுவார். கிளம்பும்போது அடுப்புச் சாம்பலுக்குள் வெறுங்கையை விட்டுப் பார்ப்பார். சூடு இருந்தால் இன்னொரு வாளி ஊற்றுவார்.

அந்தச் சாலையில் கோடை மாதங்களில் வனத்துறைக்காக வண்டி ஓட்டுவது என் வேலை. அணைக்காமல் விட்ட நெருப்பை அணைப்பேன், குப்பை பொறுக்குவேன், ஒரே இடத்தில் பதினாலு நாளுக்கு மேல் தங்குகிறவர்களைக் கிளப்பி அனுப்புவேன். பதினாலு நாள் ஆனால் யாராக இருந்தாலும் சில மைல் தள்ளி வேறு இடம் பார்க்க வேண்டும். அதனால் லைல் எனக்கு வைத்த பெயர் காலண்டர்.

"என்ன காலண்டர், இன்னைக்கு தேதி கிழிக்க வந்தியா?"

"இன்னும் ஆறு நாள் இருக்கு லைல். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அப்ப ஒக்காரு. காபி இருக்கு. ஐவா போட்டது, அதனால குடிக்கலாம்."

ஐவா அவர் மனைவி. எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். வியாழக்கிழமைகளில் அவள் செய்கிற காரமான பீன்ஸ் குழம்பையும் பட்டைப்பொடி ரொட்டிச் சுருளையும் தின்று வளர்ந்தவர்கள்தான் ஊரில் பாதிப் பேர். நானும்தான். எழுபத்திரண்டு வயதில் அவளுக்கு ஞாபகம் குலையத் தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின. பிறகு அடுப்பை ஏற்றிவிட்டு மறப்பது வந்தது. பிறகு மாலை நான்கு மணியானால் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே நின்று, "என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்று லைலிடமே கேட்பாள். அதே வீட்டில் அவள் நாற்பத்தாறு வருடம் குடித்தனம் செய்திருந்தாள்.

மகள் டாரீன் ஸ்போக்கேன் நகரத்தில் இருந்தாள். நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்து அப்பாவிடம் பேசிப் பார்த்தாள். அங்கே நல்ல இல்லம் ஒன்று இருக்கிறது, இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றாள்.

"பூட்டி வைப்பாங்களா?" என்று லைல் கேட்டார்.

"வாசல்ல பூட்டு இருக்கும்ப்பா. வெளியே போய்டக் கூடாதுல்ல."

"அப்ப வேண்டாம்."

"நீங்க தூங்கி எத்தனை நாள் ஆச்சு? கண்ணாடில மூஞ்சியப் பாத்தீங்களா?"

"என் மூஞ்சி எப்பவுமே இப்படித்தான். உங்க அம்மாவக் கேளு."

அந்தப் பேச்சு சண்டையில் முடிந்தது. டாரீன் அழுதுகொண்டே காரை எடுத்தாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அவள் கெட்ட மகள் இல்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

அந்த மே மாதம் லைல் இரண்டு நாளைக்கென்று ஐவாவைக் காட்டுக்குக் கூட்டி வந்தார். பிக்கப் வண்டியின் பின்னால் இழுத்து வந்த, உள்ளே படுக்க இடமுள்ள பதினாறு அடி நீளப் பழைய டிரெய்லரை ஆற்றோரம் நிறுத்தினார். மறுநாள் காலை அவர் எழுந்தபோது அவள் வெளியே அடுப்பு மூட்டியிருந்தாள். சுள்ளியை அடுக்கி, ஊதி, காபிப் பாத்திரத்தையும் ஏற்றிவிட்டாள். "எந்திரிச்சாச்சா? முட்டை எத்தனை?" என்று கேட்டாள். ஒன்றரை வருடத்தில் அவள் அவரிடம் முட்டை கேட்டதே இல்லை. நான்கு மணி வந்தது. கைப்பையைத் தேடவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லைல் ஊருக்குத் திரும்பவில்லை. மாவும் பீன்ஸும் வாங்க மட்டும் வாரம் ஒருமுறை இருவரும் பிக்கப்பில் போய் வந்தார்கள்.

பதினாலாவது நாள் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவரே எண்ணி வைத்திருந்தார். ஆனால் இடம் மாறியதும் ஐவா தடுமாறினாள். புது இடத்தில் முதல் இரண்டு நாள் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது யாரோடது? அவங்க வந்துட்டா என்ன சொல்றது?" என்று கேட்டபடி இருந்தாள். லைல் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். முந்தின இடத்தில் எது எங்கே இருந்ததோ, அப்படியே இங்கேயும் வைத்தார். டிரெய்லர் கதவுக்கு நேரே அடுப்பு. அடுப்புக்கு வலப்பக்கம் பச்சை நாற்காலி. பின்னால் இரண்டு மரத்துக்கு நடுவே துணிக்கயிறு. எல்லாவற்றையும்விட முக்கியம், கதவைத் திறந்து இறங்கினால் ஆறு இடதுகைப் பக்கம் இருக்க வேண்டும். ஐவா காலையில் எழுந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு இறங்குவாள், இடப்பக்கம் திரும்புவாள், முப்பது நாற்பது அடி நடந்து ஆற்றில் முகம் கழுவிவிட்டு வருவாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்படி இடம் தேடி லைல் மைல் கணக்காகச் சாலையை அளந்தார். நானும் பார்த்து வைத்துச் சொல்வேன். "முப்பத்தொன்னாவது மைல்கிட்ட ஒன்னு காலியாகுது லைல். ஆனா சாய்வா இருக்கும்." "சாஞ்சா என்ன, கட்டைய வெச்சு நிமித்திக்கலாம். ஆறு எந்தப் பக்கம், அதச் சொல்லு." ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அப்படி ஓடியது. அந்த இரண்டு மாதத்தில் ஐவா ஒரு சுற்றுப் பெருத்தாள். காட்டில் ஹக்கிள்பெரிப் பழம் பழுத்த வாரம் உதடெல்லாம் ஊதாவாக என்னைப் பார்த்து, "நீ நோலா பொண்ணுதானே? மத்தியானம் சாப்டியா?" என்றாள். நோலா என் அம்மா.

ஆகஸ்டில் மேல்காட்டில் தீப்பிடித்தது. இருபத்தெட்டாவது மைலுக்கு மேலே சாலையை அடைத்தார்கள். மேலே இருந்தவர்கள் எல்லோரும் கீழே இறங்கினார்கள். செப்டம்பர் தொடக்கம் எல்க் மான் வேட்டைக்கு வில்லோடு வருகிறவர்கள் வேறு சேர்ந்துகொண்டார்கள். ஓர் இடமும் காலியாக இருக்கவில்லை. லைல் அப்போது பத்தொன்பதாவது மைலில் தேவதாரு நிழலில் நல்ல இடத்தில் இருந்தார். பதினாலு நாள் முடிந்து மேலே மூன்று நாள் ஆகியிருந்தது. நான் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். அந்த இடத்துக்குக் காத்திருந்த யாரோ அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொல்லிவிட்டார்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஒருத்தருக்கு ஒரு சட்டம் இன்னொருத்தருக்கு ஒரு சட்டமா என்று கேட்டார். இடத்தைக் காலி செய்யச் சொல்லும் தாளில் லைல் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

நான் போனபோது ஐவா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் கையில் தாளை வைத்திருந்ததை லைல் பார்த்தார். அன்றைக்கு அவர் காலண்டர் என்று கேலி செய்யவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஒரு வாரம் குடு ரோண்டா. புகை அடங்கட்டும். மேல ரோட்டத் திறந்ததும் போயிடறேன்."

"என் கைல இல்ல லைல். புகார் வந்துருக்கு."

"இவளுக்கு இப்பத்தான் பழகிருக்கு."

"தெரியும். எனக்குத் தெரியாதா?"

அவர் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி. நீ என்ன பண்ணுவ" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று மாலை பதினோராவது மைலில், பழைய சரளைக் குழி ஒன்றுதான் கிடைத்தது. குறுகலான இடம். வண்டியை நேரே உள்ளே விடலாம், திருப்ப முடியாது. லைல் இரண்டு முறை பின்னால் எடுத்துத் திருப்பப் பார்த்தார். இரண்டாம் முறை டிரெய்லரின் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. மீட்டெடுத்து அப்படியே நிறுத்திவிட்டார். கதவைத் திறந்தால் ஆறு வலப்பக்கம், சாலைக்கு அந்தப் புறம். இடப்பக்கம் மலைச்சரிவும் ஆல்டர் புதரும்தான்.

மூன்றாம் நாள் காலை ஐவாவைக் காணவில்லை.

தான் விறகு பொறுக்கப் போயிருந்ததாகவும், அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் ஆள் இல்லை என்றும் லைல் சொன்னார். ஒன்றரை மணி நேரம் தனியாகக் கத்தித் தேடிவிட்டு, போன் எடுக்கிற இடம் வரைக்கும் வண்டியை ஓட்டிப் போய்த் தகவல் சொன்னார். மதியத்துக்குள் ஷெரிப்பின் காவலர்கள், மீட்புக் குழு, ஊரில் லீவு போட முடிந்தவர்கள் என்று நாற்பது பேர் கூடிவிட்டோம். அவர்களில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள். துண்டைக் காணோம், எனவே முகம் கழுவத்தான் போயிருப்பாள் என்று லைல் சொன்னார். எல்லோரும் ஆற்றைத் தேடினோம். கரையோரம் நான்கு மைல், பாறை பாறையாகத் தேடினோம். படகு வந்தது. ஆற்றடியில் கொக்கி போட்டுத் துழாவினார்கள். அன்று பிற்பகல் மழை பிடித்தது. தீக்கு நல்லது என்று யாரோ சொன்னார்கள். மறுநாளும் விடவில்லை. டாரீன் வந்து சேர்ந்தாள். அப்பாவைத் தாண்டிப் போய் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

தேடத் தொடங்கிய மூன்றாம் நாள் மேலே எல்க்கின் தடம் பார்த்துப் போன வேட்டைக்காரர் ஒருவர் அவளைக் கண்டார். ஆற்றில் இல்லை. டிரெய்லருக்கு இடப்பக்கம், சரிவில் ஏறும், கோடையில் வறண்டுகிடக்கும் ஓடையில், முக்கால் மைல் மேலே ஒரு தேவதாருவின் அடியில் உட்கார்ந்திருந்தாள். துண்டு தோளில் இருந்தது. குளிரில் முதல் இரவே உயிர் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். முதல் நாளே அந்தப் பக்கம் யாராவது ஏறியிருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு ஊரே வந்தது. பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். டாரீனும் லைலும் ஒரே மேசையில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் நின்று பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

வேலையை விட்டுவிடலாம் என்று குளிர்காலம் முழுக்க நினைத்தேன். விடவில்லை. எங்கள் ஊரில் வேறு என்ன வேலை இருக்கிறது?

அடுத்த மே மாதம் லைல் தனியாக டிரெய்லரோடு வந்தார். வந்திருக்கிறார் என்று முதலில் எனக்குத் தடயத்தால்தான் தெரிந்தது. சுத்தமாகக் கூட்டிய தரை, ஈரச் சாம்பல், மூடிய குழி. பத்து நாள், பதினோரு நாளிலேயே கிளம்பிவிடுவார். நான் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டு, நானும் அவர் வண்டி நிற்கிற இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் போனேன்.

ஜூலையில் ஒருநாள் பகலில் அவரே சாலை ஓரத்தில் நின்று கையைக் காட்டினார். இளைத்துப் போயிருந்தார். பச்சை நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டுத் தான் கட்டையில் உட்கார்ந்தார். காபி கசந்தது.

"நான் விறகுக்குப் போகல ரோண்டா" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"அன்னைக்கு. தூங்கிட்டேன். அந்த எடத்துக்கு வந்ததுலேர்ந்து ரெண்டு ராத்திரி அவ ஒக்காரவும் விடல, படுக்கவும் விடல. காலைல நாற்காலில சாஞ்சேன். அவ்ளோதான். கண்ண முழிச்சா வெயில் மேல வந்துருக்கு. அரைமணின்னு சொன்னேன்ல, அது மூணு மணி நேரம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஷெரிப்கிட்ட சொல்லல. டாரீன்கிட்ட எப்படிச் சொல்ல? நீங்க தூங்கி எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டவ அவ." அவர் கையிலிருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தத் தாளால ஆச்சுன்னு நீ சுமந்துட்டுத் திரியறன்னு கடைல சொன்னாங்க. அது வேணாம். அதுக்குத்தான் நிறுத்தினேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என் தாள் இல்லாவிட்டால் அந்தச் சரளைக் குழி ஏது, தூக்கமில்லாத அந்த இரண்டு இரவு ஏது என்று மனசுக்குள் ஓடியது. அதை அவரிடம் சொன்னால் அவர் இறக்கிவைக்க வந்ததை மறுபடி அவர் தலையில் ஏற்றுவதாகும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒருவேளை என் மனசுக்காக அப்படி ஒரு தூக்கத்தை அவரே உண்டாக்கிச் சொன்னாரோ என்றும் பிற்பாடு யோசித்திருக்கிறேன். தெரியவில்லை. லைல் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனால் விறகு, தூக்கம் இரண்டில் ஒன்று பொய்தானே.

"டாரீன்கிட்ட சொல்லிடுங்க லைல்" என்று மட்டும் சொன்னேன்.

"பாக்கலாம்" என்றார்.

இன்னும் ஒரு கோடை வந்தார். அதற்கடுத்த வருடம் இடுப்பு முறிந்தது. டாரீன் அவரை ஸ்போக்கேனுக்குக் கூட்டிப்போய்விட்டாள். டிரெய்லரை யாரோ வாங்கிக்கொண்டார்கள். போன நவம்பரில் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனவள், விலாசம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். டாரீன்தான் கதவைத் திறந்தாள். என்னை யாரென்று தெரிந்துகொண்டு ஒரு நொடி வாசலிலேயே நின்றாள். பிறகு வழிவிட்டாள். அப்பா அவளிடம் சொன்னாரா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

லைல் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இருபத்திரண்டாவது மைலில் சரிந்த மண்ணை அள்ளிவிட்டார்களா என்று கேட்டார். பாதி அள்ளியிருக்கிறார்கள், ஒரு வண்டி போகலாம் என்றேன். பாலத்துப் பலகை மாற்றினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியே மைல் மைலாகக் கேட்டுக்கொண்டே வந்தார், நானும் சொல்லிக்கொண்டே போனேன். பன்னிரண்டாவது மைலுக்கு வந்ததும், அந்தச் சரளைக் குழிக்கு ஒரு மைல் முன்பே நிறுத்திவிட்டு, தூக்கம் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். டாரீன் போர்வையை இழுத்துவிட்டாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.