குறையட்டும் என்று கேட்டோம்

லேத் மெஷினில் ஊற்றுகிற கூலன்ட் எண்ணெய் வாசனை. சூளகிரி நிறுத்தத்தில் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறுகிற எந்த ஆள் பக்கத்தில் நின்றாலும் அது வரும். சட்டையில், முடியில், நகக்கண்ணில். போன வாரம் அது மூக்கில் பட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். ஒரு மாம்பூக் காலத்திலிருந்து மறு மாம்பூக் காலம் வரை என் வீட்டுக்காரர் சட்டையில் அந்த வாசனை இல்லை. மருந்து வாடைதான்.

அந்த வருஷத்தைத்தான் சபையாருக்குச் சொல்ல வந்தேன்.

அவருக்குக் கழுத்தில் கட்டி. லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். முதலில் ஏற்றிய மருந்துக்குக் கரைந்தது. ஆடிக் காற்றில் திரும்ப வந்தது. பெங்களூர் டாக்டரம்மா வேறு மருந்து தொடங்கினார். இது புற்றைக் கொல்லாதாம். நம் இரத்தத்தில் காவல் நிற்கிற வெள்ளை அணுக்களை எழுப்பிவிடுமாம், அவைதான் கொல்லுமாம். அந்த அணுக்களுக்குள் ஒரு நொதி, என்சைம். அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

எனக்குப் புரியவில்லை. லேத்தில் நின்ற மனுஷனுக்குப் புரிந்துவிட்டது. "ஆளுங்கல்லாம் ஷிஃப்ட்டுக்கு வந்துட்டானுங்க ரூத்து. பஞ்ச் பண்ணிட்டு கேன்டீன்ல உக்காந்திருக்கானுங்க. மெஷின் ஓடுதான்னு பாக்குறாங்க, அவ்ளோதான்." சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஜெபக்குழு ரெபேக்கா அக்காவிடம், ஏதோ என்சைமாம், டெஸ்ட் எடுக்கிறார்களாம் என்றேன். அக்கா அன்றைக்கே வாட்ஸ்அப்பில் பேசிப் போட்டார்: "தேவராஜ் அண்ணனுக்கு என்சைம் குறையணும். எல்லாரும் உபவாசம் இருந்து கேளுங்க." எனக்கும் அது தப்பாகப் படவில்லை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு. ஆஸ்பத்திரி எண் என்றாலே நமக்குக் குறைய வேண்டியதுதானே. பக்கத்துப் பேரிகை ஊர்ச் சகோதரிகளும் சேர்ந்துகொண்டார்கள். தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் கேட்டோம். குறையட்டும் ஆண்டவரே.

குறைந்தது.

ரிப்போர்ட்டில் எண் பாதியாகியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா அதை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"அம்மா, இது ஜாஸ்தி ஆகணும். கம்மி ஆகக் கூடாது."

அந்த நிமிஷத்தை என்னவென்று சொல்ல? இத்தனை பேர் பட்டினி கிடந்து என் புருஷனுக்கு எதிராகவா கேட்டிருக்கிறோம்? அதையுமா கொடுத்தீர் ஆண்டவரே? கேட்கத் தெரியாதவளுக்கு எதற்கு ஒரு வாய்? ஏறட்டும் என்று சொல்லவும் பயம். எதுவும் சொல்லாதிருக்கவும் பயம். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் அவர் பெயரை மட்டும் சொன்னேன். சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவள் கூப்பிடுகிற மாதிரி.

டாக்டரம்மா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க கொடுக்காத மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க மேடம்." என்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். "உடம்பெல்லாம் அரிப்பு, தாங்கலீங்க. மெடிக்கல்ல கேட்டு வாங்கினது. இதையும் சொல்லணுமுங்களா?"

"அய்யோ தேவராஜ், இது ஸ்டீராய்டு! அந்த அணுக்களை நான் எழுப்பறேன், நீங்க தாலாட்டுறீங்க."

எண் மட்டும் குறையாதிருந்தால் வேறு மாத்திரை உண்டா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டாக்டர் சொன்னபடி அந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். அதன்பின் எடுத்த இரத்தத்தில் எண் ஏறத் தொடங்கியது. கிறிஸ்துமஸ் சட்டைக்கு அவர் கழுத்துப் பட்டனைப் போட்டார். போட முடிந்தது. நான் அந்தப் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் கம்பெனி பஸ் ஏறினார்.

முழுக்கப் போய்விட்டது என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஸ்கேன் வரை ஒன்றும் தெரியாது. நான் இன்றும் கையாலாகாதவள்தான். முன்பு ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது என்ன கேட்பது என்றே தெரியாமல் வாய் அடைத்துப் போயிருந்தால், அந்த அடைத்த வாயோடே அவரிடம் போங்கள். தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்ற பயத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் நம் சொல்லைப் பிடித்துக்கொண்டு நம்மை விட்டுவிடுகிறவர் அல்ல.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து ரெபேக்கா அக்கா ஸ்கூட்டியைக் கிளப்பினார். உடனே இன்ஜினை நிறுத்தினார்.

"ஏன்டி ரூத்து, ஸ்கேன் வருதே. இந்த வாட்டியாவது ஒழுங்கா விசாரிச்சுச் சொல்லுடி. என்ன ஏறணும், என்ன எறங்கணும்?"

"தெரியலக்கா."

"டாக்டரைக் கேக்கலியா?"

"கேட்டேன். ஸ்கேன் வந்ததும் பாக்கலாம்னுட்டாங்க."

அக்கா வண்டியை உதைத்தார்.

"சரி போ. தெரியாமலே கேக்குறேன்."