முப்பத்திரண்டு வாக்கியங்களோடு கரையான்சாவடி வரை

காலை ஒன்பது பத்துக்குத் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். அம்பத்தூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். அடுத்த ஸ்டேஷன்தான். மடியில் லேப்டாப். அதைப் பழைய காட்டன் புடவையில் சுற்றி, அரிசிப் பைக்குள் வைத்து, பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்து அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம், எங்கள் மாடியில் குடியிருக்கும் சகாயம் டீச்சர் அவரை உட்காரவைத்து, அன்றாடம் வேண்டிய முப்பத்திரண்டு வாக்கியங்களை அவர் குரலிலேயே சொல்லச் சொல்லி லேப்டாப்பில் ஏற்றினாள். ஒரு பட்டனுக்கு ஒரு வாக்கியம். தட்டினால் அவர் பேசுவார். அதற்கு வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை.

போன புதன்கிழமையிலிருந்து திரை ஒரே கறுப்பு. விளக்கு எரிகிறது, உள்ளே காற்றாடி சுற்றுகிறது, அவ்வளவுதான். சகாயம் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று அரைமணி நேரம் போனது. கடைசியில் ஒருவர் வந்து இந்தியில் பேசினார். சென்னையில் இருந்த ரிப்பேர் நிலையத்தை மூடிவிட்டார்களாம். வடக்கே கூரியரில் அனுப்பினால் போர்டை மாற்றித் தருவார்களாம். உள்ளே இருப்பது எதுவும் திரும்பி வராதாம். சகாயத்துக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. இவருக்கு மூச்சுவிடக் கழுத்தில் வைத்த துவாரத்தில் தூசி போகக்கூடாது. அதனால் நான் கிளம்பினேன். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தனியாக இவ்வளவு தூரம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் ரயில் நகர்ந்ததும், பண்டிகைக்குப் போகிற மாதிரி நெஞ்சு துள்ளியது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்பது நாற்பது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் கடை. ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், நடந்தே போனேன். கூட்டத்தில் முண்ட எனக்கு வராது. ஓரமாக நின்றேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள்.

"இன்னாமா, அப்பலேர்ந்து நிக்கிற. இன்னா வோணும்?" என்றார் கடைக்காரர்.

பையைப் பிரித்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ போட்டியா? தண்ணி கிண்ணி ஊத்திக்கிச்சா?"

"இல்லப்பா. தானா நின்னுடுச்சு."

அது பொய். படிக்கிறவர்களுக்கு இங்கேயே உண்மையைச் சொல்கிறேன். புதன்கிழமை சாயங்காலம் இவர் தூங்கிக்கொண்டிருந்தார். லேப்டாப் திரையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து, அதன் கீழே ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. இடி இடித்தது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அப்படியும் அணையவில்லை. சிக்கிக்கொண்டால் இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று சகாயம் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. பத்து எண்ணும்வரை அமுக்கிப் பிடித்தேன். அணைந்தது. அதோடு சரி. இவருடைய பேச்சை நானே நிறுத்திவிட்டேன் என்று யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

"தானா நின்னுச்சுன்னா போர்டு போச்சுமா. இந்த மாடலுக்கு போர்டு கெடைக்காது."

"உள்ள இருக்கிறத மட்டும் எடுத்துக் குடுக்க முடியுமாப்பா?"

"மத்ததுன்னா டிஸ்க்க கழட்டிக் குடுத்துடுவேன். இதுல அது போர்டோட சேத்து ஒட்டிக்கீது. போர்டு போனா அதுவும் போச்சு."

பார்த்ததற்குக் காசு வாங்கவில்லை. மறுபடி புடவையைச் சுற்றினேன்.

பத்து ஐம்பதுக்கு ஆவடி ரயில். நடுவில் எங்கள் ஸ்டேஷன் வந்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்தும்விட்டேன். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதற்குள் என் ஜன்னல் சீட்டு போய்விட்டது.

ஆவடி மார்க்கெட்டுப் பக்கம் ஒரு கடை. கல்லாவில் ஒரு பெண். உள்ளே கழற்றிப் பார்க்க இருநூறு ரூபாய். அவளும் அதையே கேட்டாள், நானும் அதையே சொன்னேன். இங்கேயும் போர்டு போச்சு என்ற பதில்தான். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "கரையான்சாவடியில தாஸுன்னு ஒருத்தரு. சிப்பு வேலை பண்றவரு. மூணு மணிக்கு மேல கடையில இருக்கமாட்டாரு. சீக்கிரமா போங்கமா."

பன்னிரண்டு மணிக்குப் பூந்தமல்லி பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு பைசா கொடுக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து போவது எனக்குப் புதிது.

"பைல இன்னாமா, தங்கமா? இப்டி கட்டிப் புடிச்சுகினு கீற," என்றார் கண்டக்டர். பக்கத்துச் சீட்டில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தேன். கரையைச் சுற்றி நடைபாதை போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் வெள்ளையாகப் பெரிய பறவைகள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை வருடம் இதைப் பார்த்ததில்லை. சென்னீர்குப்பம் தாண்டியதும் நெரிசல். கரையான்சாவடியில் இறங்கினால் தலைக்கு மேல் மெட்ரோ ரயில் பாலம் ஓடுகிறது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கினேன்.

ஒன்று பத்து. தாஸ் கடை ஒரே ஒரு ஷட்டர் அகலம், பக்கத்தில் பிரியாணிக் கடை. தாஸுக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி.

"வா ஆயா, குந்து. இன்னா ஆச்சு?"

"தானா நின்னுடுச்சுப்பா."

அவர் பின்மூடியைக் கழற்றி, அங்கங்கே கம்பி வைத்துப் பார்த்தார். "கரண்டு வருது. எங்கியோ ஒட்டு உட்டுக்கிச்சு போல. சூடு காட்டிப் பாக்கறேன். வந்தா வரும். இல்லன்னா போர்டு மொத்தமா காலி, பரவால்லியா?"

சூடு ஊதுகிற கருவியைக் கையில் எடுத்தார். அது உறும ஆரம்பித்தது.

"தம்பி, நிறுத்துப்பா," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பிரியாணிக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "தானா நிக்கல. ஒரு கோடு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இடிக்குப் பயந்து நான்தான் பட்டன அமுக்கி அணைச்சேன்."

தாஸ் கருவியைக் கீழே வைத்தார். "கோடு எவ்ளோ தூரம் போயிருந்துச்சு?"

"பாதிகூட இல்ல."

"ஆயா, நல்ல வேளை வாய தொறந்த. நானே கொளுத்தியிருப்பேன். போர்டுக்கு ஒண்ணும் ஆவல. மெஷினு எழுந்ததும் இன்னா பண்ணணும்னு சொல்றதுக்கு ஒரு சின்ன சிப்பு கீது. கம்பெனி அதுல புதுசா எழுதிகினு இருக்கும்போது நீ கைய புடிச்சு இழுத்துட்ட. முழுசா எழுதிட்டா எழுந்துக்கும்."

"உள்ள இருக்கிறது?"

"அது பத்திரமா கீது. ஆனா எழுதறதுக்கு ஃபைல் வோணுமே. கம்பெனிக்காரன் வெளிய குடுக்கமாட்டான்."

தன்னைப் போன்ற ரிப்பேர்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் மாடல் நம்பரைச் சொல்லிப் பேசி அனுப்பினார். ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒருவர் ஃபைல் அனுப்பினார். சிப்பின் மேல் கிளிப் போல ஒன்றைக் கவ்வ வைத்து எழுதினார் தாஸ். பட்டனை அமுக்கினார். கறுப்புதான். "இது வேற வருஷத்து போர்டோடது," என்றார். மணி இரண்டே கால். 

அடுத்த ஃபைல் வந்தது, கூடவே ஒரு குரல் செய்தியும். தாஸ் அதைச் சத்தமாகப் போட்டார்.

"மச்சான், ஓ.டி.லேர்ந்து பேசறேன். காலைல ஒரு அம்மா இதே மாடல எத்துகினு வந்துச்சுடா. அப்டேட்டுல நின்னுச்சுன்னு சொல்லியிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன். தானா நின்னுச்சுன்னு சொல்லிச்சு, அனுப்பிட்டேன்."

தாஸ் என்னைப் பார்த்தார். நான் அரிசிப் பையை மடிக்க ஆரம்பித்தேன்.

ஆறு நிமிஷம் எழுதியது. பட்டனை அமுக்கினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு திரை லேசாக வெளுத்து, கம்பெனியின் பெயர் வந்து, கடைசியில் சகாயம் போட்டுக் கொடுத்த படம் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"எத தட்டணும் ஆயா?"

கைக்கு எட்டிய ஒன்றைத் தட்டினேன். கடை முழுக்க இவர் குரல், என் பெயர் சொல்லி: "ரோசி, எங்க போன? இன்னுமா வரல?"

"வந்துகினே கீறாங்க நைனா," என்றார் தாஸ் லேப்டாப்பைப் பார்த்து. கூலி எண்ணூறு ரூபாய். வாக்கியங்களை ஒரு சின்ன பென்டிரைவிலும் ஏற்றித் தந்தார், அதற்கு முந்நூறு.

மூன்று மணி பஸ்ஸில் ஆவடிக்குத் திரும்பினேன். இத்தனை வருடம் வெளி வேலைக்கெல்லாம் இவரே போனார், இவரே பேசினார். நான் பின்னால் நின்றேன். இன்றைக்கு ஒரு நாளில் மூன்று ஊர் பார்த்தேன், நான்கு பேரோடு பேசினேன். முதல் கடையிலேயே ஒழுங்காகப் பேசியிருந்தால் பன்னிரண்டுக்குள் வீட்டில் இருந்திருப்பேன், ஏரியைப் பார்த்திருக்க மாட்டேன். இப்படி நினைப்பது சரியா தப்பா தெரியவில்லை. ஆனால் பஸ் ஏரியைத் தாண்டும்போது மறுபடி எட்டிப் பார்த்தேன்.

நாலே முக்காலுக்கு வீடு. இவர் வாசலிலேயே நின்றிருந்தார். மேஜையில் வைத்துத் திறந்தேன். அவர் கையை நீட்டியபோது, "கொஞ்சம் இருங்க," என்று தடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். இடி, பட்டன், நான் சொன்ன பொய், ஓ.டி. கடைக்காரரின் குரல் செய்தி வரைக்கும்.

அவர் விரல் பட்டன்களின் மேல் வெகுநேரம் அலைந்தது. மன்னிப்பதற்கென்று அவர் ஒன்றும் பேசி வைக்கவில்லை. யாரும் அதை யோசிக்கவில்லை. கடைசியில் மேல் வரிசையில் ஒன்றைத் தட்டினார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்தச் சண்டையையும் அவர் இப்படித்தான் முடிப்பார்.

"சரி, உடு. டிவியப் போடு."