அட்டையில் விழாத கோடு

பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவனுக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் கொசு. அதில் அவனுக்கு வருத்தமில்லை. குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுப்பான். அந்தப் பெருமை தலைக்கு ஏறிப்போயிருந்தது.

அவனுடைய அக்காவின் கணவர் கண்ணாடிக் கடையில் அறுப்பு வேலை பார்ப்பவர். அவருக்குக் கால் வீங்கி, வயிறு உப்பி, கல்லீரல் சுருங்கிவிட்டது என்று தெரிந்தபோது கொசுதான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் நின்றான். பி வகைக் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று சோதனை அட்டையில் ரத்தம் விட்டுப் பார்த்தான். இருந்தால் இரண்டு கோடு விழும். விழுந்தது ஒன்றுதான்.

"கிருமியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. மாமா திருட்டுத்தனமா குடிக்கிறாரு, வேற என்ன?"

"சத்தியமா தொட்டதில்ல மாப்ளே," என்றார் அவர்.

"குடிக்கிறவன் எவன் மாமா ஒத்துக்கிட்டான்?" என்று சிரித்தான். பாவி, சிரித்தான்!

அன்றைக்குப் பிடித்தது அவருக்குச் சனி. வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே அக்காவின் முகத்துக்கு நேரே வாயால் ஊதிக் காட்டவேண்டும். அப்புறம்தான் செருப்பைக் கழற்றலாம். ஒருநாளும் வாடை அடித்ததில்லை. "எதையாவது மென்னு மறைச்சிருப்பாருக்கா" என்று அதற்கும் எடுத்துக்கொடுத்தான் கொசு. மகள் அப்பாவோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

அவர் ரத்த வாந்தி எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கிருந்த டாக்டரம்மா அட்டையோடு விடவில்லை. ரத்தத்தில் கிருமியின் மரபணுவையே தேடச் சொன்னார். இருந்தது. கொஞ்சமாக, பதுங்கிக்கொண்டு.

"சில பேருக்கு இப்படித்தான், அட்டைல மாட்டாது. முன்னாடியே தேடியிருந்தா மாத்திரையில அடக்கி வச்சிருக்கலாம். இப்ப ஆரம்பிக்கிறோம், ஆனா உறுதியா எதுவும் சொல்ல முடியாது," என்றவர், "நீங்க லேபுலதானே வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

கொசு தலையை மட்டும் ஆட்டினான். அவமானம் பிடுங்கித் தின்றது. அட்டை குடியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. சொன்னதெல்லாம் இவன் வாய்தானே!

காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வார்டுக்குள் போனான். அவர் அரைத்தூக்கத்தில் இருந்தார். குனிந்து, "மாமா" என்றான்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தருகே யாரோ வந்தது மட்டும் தெரிந்திருக்கிறது. காய்ந்த உதட்டைப் பிரித்து, மெல்ல ஊதிக் காட்டினார்.