சுருக்கம் விழாத ஸ்டிக்கர்

பாஞ்சாலி லேபிள் ஒட்டினால் ஒரு சுருக்கம் விழாது. ஜோகுபாளையத்தில் அவளோடு ஊதுவத்திக் கம்பெனிக்குப் போன பெண்கள் இன்றைக்கும் இதைச் சொல்வார்கள். தொண்ணூற்று ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள் எட்டு வருஷம் அட்டைப்பெட்டிகளில் லேபிள் ஒட்டினாள். பசையை விரல் நுனியில் தொட்டு, காகிதத்தை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, ஒரே தடவலில் முடித்துவிடுவாள். படிப்பு கிடையாது, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், சுனிதா என்று ஒரே மகள். கைப்பதம் ஒன்றுதான் அவள் சொத்து. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, ஏழைக்குக் கர்வப்பட வேறென்ன இருக்கிறது?

கம்பெனியை மூடியபோது அந்தக் கைதான் அவளுக்கு அடுத்த வேலையையும் வாங்கிக் கொடுத்தது. கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் நாகேஷ் நாய்ப் பண்ணை வைத்திருந்தான். பண்ணை என்றதும் புல்லும் மரமும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு அடுக்காகக் கம்பிக் கூண்டுகள். மேல் கூண்டின் மூத்திரம் கீழ்க் கூண்டில் சொட்டும். இருபத்திரண்டு பெட்டைகள். ஒரு பெட்டை குட்டி போட்டுப் பால் வற்றி மறுபடி பருவத்துக்கு வந்ததும், ஒரு நாள் தவறாமல் கடுவனோடு விட்டுவிடுவான். குட்டிகளை அங்கே கன்னடத்தில் 'மரி' என்றுதான் சொல்வார்கள். மரி போடுவதைத் தவிர அந்தப் பெட்டைகளுக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை, வெளிச்சமும் இல்லை.

வாசலில் மட்டும் ஒரு சின்ன அறை பளபளவென்று இருக்கும். தரையில் டைல்ஸ், கூடையில் பூப்போட்ட துண்டு, சுவரில் மலைச்சாரலில் ஓடும் நாயின் படம். வாங்க வருகிறவர்கள் அந்த அறையைத் தாண்டியதில்லை. "உள்ள தாய் நாய் இருக்கு சார், கடிச்சிரும்" என்பான் நாகேஷ். பாதிக்கு மேல் பல் விழுந்துபோன தாய்கள் அவை.

அவன் ராட்சசன் இல்லை. அதுதான் சங்கடம். பாஞ்சாலியை அக்கா என்பான், அவள் அவனை அண்ணா என்பாள், யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. சுனிதாவுக்கு வலி கண்ட அன்று ஆட்டோ ஒன்றும் வராத மழையில், தன் வேனில் ஏற்றிக்கொண்டு போய், குழந்தை அழும் சத்தம் கேட்கும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவன் அவன். அந்த நன்றி பாஞ்சாலியின் வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தது.

காலையில் கூண்டு கழுவுவாள். கோழித்தலையும் காலும் வேகவைத்துப் போடுவாள். மத்தியானம் கார்டு வேலை. எந்த மரி விற்றாலும் கூடவே ஒரு தடுப்பூசி கார்டு போகும். ஊசி போட்டால் மருந்து பாட்டிலின் லேபிளை உரித்து அதில் ஒட்டுவது வழக்கம். நாகேஷ் எங்கிருந்தோ காலி பாட்டில்களைப் பை பையாகக் கொண்டுவருவான். பாஞ்சாலி அவற்றை வெந்நீரில் ஊறப்போட்டு, லேபிளைக் கிழியாமல் உரித்து, தினசரித் தாளில் காயவைத்து, கார்டில் ஒட்டுவாள். டாக்டர் முத்திரையை அவன் குத்திக்கொள்வான். அந்தக் கொட்டகைக்குள் டாக்டர் என்று ஒருவர் கால் வைத்துப் பாஞ்சாலி பார்த்ததில்லை.

ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அண்ணா, ஊசி எப்போ போடறது?"

"ஒட்டறது உங்க வேலைக்கா. மீதியை நான் நோடிக்கறேன், பாத்துக்கறேன்."

பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் தெரிந்துவிடும் என்பார்கள். நன்றாக ஒட்டப்பட்ட காகிதத்துக்குப் பின்னால் மறைத்தால் தெரியாது. அதற்குப் பாஞ்சாலியின் கை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து மூன்றில் சப்பை மூக்கு 'பக்' நாயின் மேல் ஊருக்கே பித்துப் பிடித்தது. வாசல் அறையில் தினம் கார் வந்து நின்றது. பேபி என்ற பக் பெட்டை இரண்டரை வருஷத்தில் ஐந்தாம் ஈற்று போட்டிருந்தது. ஒரு கண் வெளுத்துவிட்டது, வயிறு தரையைத் தொட்டது. அப்படியும் பாஞ்சாலி கூண்டருகே போனால் வாலை ஆட்டும்.

ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம், கோழிக்கழிவு கொண்டுவரும் ஆட்டோவுக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு தெருநாய் உள்ளே வந்தது. குரைக்கவில்லை. எச்சில் கோடாக வழிய, கால் தள்ளாட நேராக வந்து கீழ்க் கூண்டின் கம்பியைக் கடித்தது. பேபி மரிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு முகத்தைக் கம்பியோடு வைத்து நின்றது. பாஞ்சாலி வாளியால் அடித்து விரட்டுவதற்குள் பேபியின் மூக்கோரம் கிழிந்திருந்தது. ஒரு ஆண் மரியின் காதிலும் ரத்தம்.

"நாய்னா நாயைக் கடிக்கும்க்கா. அரிசினம் வச்சு விடுங்க" என்றான் நாகேஷ். மஞ்சளை வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் அந்தத் தெருநாய் பட்டறைச் சாக்கடையில் விறைத்துக் கிடந்தது. நாகேஷும் பார்த்தான், பாஞ்சாலியும் பார்த்தாள். அந்த ஈற்று மரிகளை மட்டும் அவன் அவசர அவசரமாக விற்கத் தொடங்கினான்.

காதில் பொருக்கு ஆறாத அந்த மரியை வாங்க வந்தது ஒரு தமிழ்க் குடும்பம். சேலத்துப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். புருஷன் பாலசுப்ரமணியன் கழுத்தில் கம்பெனி அட்டையோடு நின்றான். மனைவி ஜெயலட்சுமி. ஐந்து வயது மகள் அனுஷா, மரியைக் கண்டதும் தரையில் உட்கார்ந்து அதற்கு லட்டு என்று பேர் வைத்துவிட்டாள்.

"ரொம்பச் சின்னதா இருக்கே?" என்றான் பாலசுப்ரமணியன்.

"மூணு மாசம் ஆச்சு சார். இந்த ஜாதியே அவ்ளோதான்" என்றான் நாகேஷ். இரண்டு மாசம்கூட முடியவில்லை. கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும்.

ஜெயலட்சுமி கேனச்சி இல்லை. நாகேஷை விட்டுவிட்டுப் பாஞ்சாலியிடம் திரும்பினாள். தன் பாஷை பேசுகிறவள், தன்னைப் போல ஒரு பெண் என்ற நம்பிக்கை.

"அக்கா, ஊசியெல்லாம் போட்டாச்சில்ல? வெறிநாய் ஊசியும்? வீட்ல குழந்தை இருக்கு, அதான் கேக்கறேன்."

பாஞ்சாலி கார்டைப் பார்த்தாள். ஸ்டிக்கர் கச்சிதமாக இருந்தது. காலையில்தான் ஒட்டியிருந்தாள்.

"போட்டாச்சும்மா."

அந்த ஒரு சொல்தான். பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம், எத்தனையோ வீட்டுக்கு இப்படி மரி போகவில்லையா, எல்லாம் நன்றாகத்தானே இருக்கின்றன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எத்தனை நன்றாக இருந்தன என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விற்ற மரியைப் பற்றி யார் ஃபோன் செய்தாலும் "ஓனர் ஊர்ல இல்லை" என்று சொல்லி வைத்துவிடுவதுதான் அங்கே முறை.

ஜூலையில் பேபி மாறிப்போனது. பாஞ்சாலியைக் கண்டால் வால் ஆடவில்லை. கம்பியைக் கடித்துக் கடித்து ஈறெல்லாம் ரத்தம். குரைத்தால் வேறு ஏதோ மிருகத்தின் குரல் வந்தது. தண்ணீர் வைத்தாள். வாயைக் கொண்டுபோய் வைத்தது, தொண்டை அசையவில்லை, தண்ணீர் அப்படியே வெளியே வழிந்தது. கோழி எலும்பு சிக்கியிருக்கும் என்று நினைத்து, பாவப்பட்டு, வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றும் சிக்கவில்லை. நடுவிரலில் ஒரு கீறல் மட்டும் விழுந்தது. இரண்டாம் நாள் பேபி செத்தது. நாகேஷ் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தான். "கிழடுக்கா, போயிருச்சு" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதற்கு மறுநாள் காலை ஃபோன் அடித்தது. எடுத்தவள் பாஞ்சாலி. நாகேஷ் எதிரிலேயே நின்றிருந்தான்.

"அக்கா, அனுஷாவோட அம்மா பேசறேன். லட்டு நேத்துலயிருந்து தண்ணி குடிக்க மாட்டேங்குது. வாயிலயே வழிஞ்சிருது. எலும்பு ஏதாச்சும் சிக்கியிருக்குமா?"

பாஞ்சாலி அவசரமாகக் கேட்டாள்.

"யாரையாச்சும் கடிச்சுதாம்மா?"

"கடிக்கல்லாம் இல்ல. முந்தாநாள் பாப்பா முத்தம் குடுக்கப் போனா, உதட்டுல பல்லு பட்டு லேசா ரத்தம் வந்துச்சு. டாக்டர்கிட்ட போலாம்னார் இவர். கார்டுதான் இருக்கே, பயமில்லன்னு நான்தான் சொன்னேன்."

நாகேஷ் ஃபோனை வைக்கும்படி கையைக் காட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, வச்சிருங்க. நம்ம சுனிதா விஷயத்துல நான் எப்பிடி நின்னேன்னு நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தாள். மழையும் வேனும் பேரக்குழந்தையின் முதல் அழுகையும் நினைவுக்கு வந்தன. அதே நினைவில்தான் பூட்டும் உடைந்தது.

"அம்மா, அந்தக் கார்டை நம்பாதே! ஊசி எதுவும் போடல. ஸ்டிக்கரை நான்தான் ஒட்டினேன், இந்தக் கையாலதான். அந்த நாயை வெறிநாய் கடிச்சிருக்கு, அதோட தாய் செத்துப்போச்சு. அதை ரூம்ல போட்டுப் பூட்டு. புள்ளை வாயைச் சோப்பு போட்டுக் கழுவு. இப்பவே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு தாயி, ஓடு!"

நாகேஷ் ஒயரைப் பிடுங்கிவிட்டான். அவள் சொன்னதில் எவ்வளவு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. முகவரியும் தெரியாது. வாங்கியவர் பேரை எழுதி வைக்கும் பழக்கம் அந்தப் பண்ணையில் இல்லை. அன்றே வேலை போயிற்று. அங்கிருந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து, விரல் கீறலைக் காட்டி, வரிசையில் நின்றாள்.

நர்ஸ் ஊசியைப் போட்டுவிட்டுச் சீட்டில் தேதி எழுதினாள். பாஞ்சாலி நகரவில்லை.

"மருந்து நெசமா உள்ள போச்சாம்மா?"

"பின்ன, வெளியவா போச்சு? தள்ளும்மா, ஆள் நிக்கிறாங்க" என்று எரிந்து விழுந்தாள் நர்ஸ். பாஞ்சாலிக்குக் கோபம் வரவில்லை. மறு ஊசிக்குப் போனபோதும் அதையே கேட்டாள். ஊசி குத்துகிற இடத்தைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

மூன்றாவது ஊசிக்குப் போன அன்று பெஞ்சில் ஜெயலட்சுமி உட்கார்ந்திருந்தாள், மடியில் அனுஷா. ஃபோன் பேசிய அன்றே முதல் ஊசியை ஒரு நர்ஸிங் ஹோமில் போட்டுவிட்டு, மீதிக்கு இங்கே அனுப்பியிருந்தார்கள். குழந்தையின் உதட்டில் ஒரு சின்னக் கறுப்புப் பொருக்கு. லட்டு இரண்டே நாளில் செத்துவிட்டது.

பாஞ்சாலியைப் பார்த்ததும் ஜெயலட்சுமி திட்டுவாள், அடிப்பாள் என்றுதான் இருந்தது. அடித்திருந்தால் தேவலை. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள், அவ்வளவுதான்.

"டாக்டர் என்னம்மா சொல்றாங்க?"

"மூஞ்சில பட்டா சீக்கிரம் ஏறுமாம். ஊசி முந்திக்குதா, அது முந்திக்குதான்னு பாக்கணும்கறாங்க." மடியில் சரிந்த குழந்தையை நேராக உட்காரவைத்தாள். "இன்னும் ரெண்டு மூணு மாசம் கண்ணுல வச்சுப் பாத்துக்கணுமாம்."

பாஞ்சாலி தன் விரல்களைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல் இருந்தது.

"அம்மா, தண்ணி" என்றாள் அனுஷா.

ஜெயலட்சுமி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. பாஞ்சாலி வாங்கித் திறந்து கொடுத்தாள். குழந்தை பாட்டிலை வாயில் வைத்தது. இரண்டு பெண்களும் அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்தார்கள்.

தொண்டை அசைந்தது. ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. அன்றைக்குக் குடித்துவிட்டாள்.